காரைக்குத் தடையிருந்த ஊர்

அல்பெரோபெல்லோ, இத்தாலியின் தென்கிழக்கே பூலியா மாநிலத்தில் உள்ள சிற்றூர். கூம்புக் கூரை கொண்ட அதன் கல்வீடுகளுக்கு ட்ருல்லோ என்று பெயர். மோந்தி என்ற பகுதியில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் சரிவில் வரிசை வரிசையாக நிற்கின்றன. அயா பிக்கோலா பகுதியில் 590 இருக்கின்றன.

முர்ஜே எனப்படும் இந்த மேட்டுநிலம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. மண் மெலிதாகத்தான் படிந்திருக்கும். கல்லைப் பொறுக்கி ஒதுக்காமல் உழ முடியாது. ஒதுக்கிய கல்லே வரப்புச் சுவரானது, காவல் குடிசையானது. காரை இல்லாமல் கல் அடுக்கும் கலையை இந்த மண்தான் குடியானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது எனலாம். ஆனால் ஓர் ஊர் முழுவதுமே அப்படி எழுந்ததற்குக் காரணம் அரசியல்.

ஓக் மரக் காடாக இருந்த இந்த இடம் 14-ஆம் நூற்றாண்டில் கொன்வெர்சானோ பிரபுக்களுக்கு மானியமாகக் கிடைத்தது. காட்டைத் திருத்திப் பயிரிட அவர்கள் தங்கள் மற்ற ஊர்களிலிருந்து குடிகளைக் கொண்டுவந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் மோந்தியில் இருந்தவை சுமார் நாற்பது வீடுகள். அடுத்த நூற்றாண்டில், மாறுகண்ணர் என்று பேர்பெற்ற இரண்டாம் ஜான்ஜிரோலாமோ அக்வாவீவா பிரபு, ரொட்டி அடுப்பும் மாவு ஆலையும் சத்திரமும் கட்டினார். ஊர் வேகமாக வளர்ந்தது.

புதிய ஊர் அமைக்க வேண்டுமானால் நேப்பிள்ஸ் அரசரின் அனுமதி வேண்டும். கருவூலத்துக்கு வரியும் கட்ட வேண்டும். அதைத் தவிர்ப்பதற்காகக் குடிகள் யாரும் காரை வைத்துக் கட்டக்கூடாது என்று பிரபுக்கள் தடை போட்டார்கள். அரசு அதிகாரி வரும் செய்தி கிடைத்தால் வீட்டைப் பிரித்துவிடலாம். கண்ணில் படுவது கற்குவியல் மட்டுமே. சுற்றுலா வழிகாட்டிகள் இதைப் பிரபுவின் சாமர்த்தியம் என்று சொல்வதுண்டு. அந்தச் சாமர்த்தியத்துக்கு விலை கொடுத்தவர்கள் குடிகள்தான். காட்டைக் கழனியாக்கியவர்களுக்கு நிலையான கூரை என்ற உறுதி இல்லை. ஊர் என்ற தகுதி இல்லாததால் சொந்த நிர்வாகமும் இல்லை.

அந்த நெருக்கடிக்குள்தான் அருமையான ஒரு கட்டடக்கலை முதிர்ந்தது. சுவர் நேராகப் பாறை மேலேயே எழும்பும். உள்வரிசை, வெளிவரிசை என இரண்டாக அடுக்கி, இடையில் சில்லுக்கற்களை நிரப்புவார்கள். கூரைக்கும் இரண்டு அடுக்கு. ஆப்பு வடிவக் கற்கள் வட்டம் வட்டமாகக் குறுகிக்கொண்டே போய் உச்சிக்கல்லில் முடியும். அதன் மேல் கியாங்கரெல்லே எனப்படும் சுண்ணாம்புப் பலகைக் கற்களை, மழைநீர் உள்ளே இறங்காமல் வெளிப்புறம் வழியும்படி சற்றே சாய்த்து அடுக்குவார்கள். அந்த நீரை வீணாக்க முடியுமா? வீட்டடியில் பாறையைக் குடைந்த தொட்டியில் அது சேரும். கனத்த சுவரால் கோடையிலும் உள்ளே குளிர்ச்சி இருக்கும்.

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊரில் ஏறத்தாழ 3,500 பேர் இருந்தார்கள். அத்தனை பேரை மறைத்துவைக்க இயலாது. ஊரார் சிலர் நேரே அரசர் நான்காம் பெர்டினாண்டிடம் முறையிட்டார்கள். 1797 மே 27-இல் வெளியான ஆணை, ஊரைப் பிரபுவின் பிடியிலிருந்து விடுவித்தது. அதே ஆண்டில் காரை பூசி எழுந்த தாமோரே வீட்டின் முகப்பில், அரச அனுமதியுடன் எழுந்த முதல் வீடு என்று லத்தீனில் பொறித்துவைத்தார்கள். அந்தக் கல்வெட்டு ஊராரின் விடுதலைப் பத்திரம் என்றே சொல்ல வேண்டும்.

தடை நீங்கியதும் புதிய ட்ருல்லோ கட்டுவது விரைவாகக் குறைந்தது. 1909 முதல் 1936 வரை ஊரின் பகுதிகள் படிப்படியாகப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. 1927-இல் மோந்தியின் உச்சியில் எழுந்த புனித அந்தோணியார் ஆலயத்துக்கும் கூம்புக் கூரையே அமைந்தது. 1996-இல் யுனெஸ்கோ இந்த வீடுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2018-இல் காரையின்றிக் கல் அடுக்கும் கலையும், இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் பொதுமரபாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. இன்று மோந்தியில் பல வீடுகள் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறிவிட்டன. அயா பிக்கோலாவில் கடைகள் குறைவு, குடியிருப்புகளே மிகுதி.