மடையுள்ள உணவும் மடையற்ற உணவும்: வன்னியில் உணவுச் சட்டத்தின் எல்லை

இலங்கையில் உணவுப் பாதுகாப்புப் பற்றிய விவாதங்களில் இரண்டு கோரிக்கைகள் அடிக்கடி எழுகின்றன. நியமங்களை இன்னும் இறுக்க வேண்டும் என்பது ஒன்று. இந்தியா 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைத்ததைப் போன்ற தனி அதிகாரசபை வேண்டும் என்பது மற்றது. இவ்விரண்டும் நிறைவேறினாலும் வன்னிப் பெருநிலத்தின் அடிப்படைச் சிக்கல் தீராது என்பதே இக்கட்டுரையின் வாதம். நியமம் எவ்வளவு கடுமையானது என்பதைவிட, உணவு எந்த வழியால் வாய்க்கு வந்து சேர்கிறது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது. குளத்து நீரை மடையில் நின்று அளக்கலாம். வயலெங்கும் பரவிய பின் அளக்க முடியாது. இந்த வேறுபாட்டைக் கொண்டு உப்பு, கடை உணவு, கிணற்று நீர் ஆகிய மூன்றையும் ஒப்பிடலாம்.

சட்டத்தின் அமைப்பு

1949ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம். அதன் தலைமை அதிகாரம் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகத்திடம் உள்ளது. உணவு ஆலோசனைக் குழு அறிவுரை கூற, அமைச்சர் ஒழுங்குவிதிகளை வர்த்தமானியில் வெளியிடுகிறார். துறைமுகத்தில் சுங்கமும் ஊரில் உள்ளூராட்சி மன்றமும் சட்டத்தை நடைமுறைப்படுத்துகின்றன. களத்தில் இறங்குபவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விநியோகம் ஆகியவையே சட்டம் கட்டுப்படுத்தும் செயல்கள். ஒருவர் இன்னொருவருக்கு உணவைக் கொடுக்கும் இடத்தில்தான் சட்டம் விழித்துக்கொள்கிறது.

உப்பு: ஒற்றை மடை

இந்த அமைப்பு நன்றாக இயங்குவதற்கு எடுத்துக்காட்டு அயடீன் கலந்த உப்பு. மனித நுகர்வுக்கு விற்கப்படும் உப்பில் அயடீன் இருக்க வேண்டும் என்ற விதி 1990களின் நடுப்பகுதியில் வந்தது. 2005ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி அந்த அளவைக் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் என வரையறுத்தது. கீழெல்லை கழலை நோயைத் தடுக்கிறது. மேலெல்லை மிகை அயடீனின் தீங்கைத் தடுக்கிறது. ஈரத்திலும் வெப்பத்திலும் அயடீன் குறையும் என்பதால் ஆலையில் கலக்கும் அளவு கடைசிக் கரண்டி வரை தாங்க வேண்டும். சோதனைக் கரைசல் ஒரு துளி விட்டால் அயடீன் உள்ள உப்பு நீலமாகும். பள்ளிக்கூடத்திலும் செய்யக்கூடிய சோதனை இது.

1990இல் போரால் மூடப்பட்ட ஆனையிறவு உப்பளம், இந்த விதி வந்த காலத்தில் இயங்கவில்லை. 2025 மார்ச்சில் அங்கே உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது பொது விவாதம் ‘ரஜ லுணு’ என்ற சிங்கள வணிகப் பெயருக்கு எழுந்த எதிர்ப்பைச் சுற்றியே நடந்தது. அந்த எதிர்ப்புக்கு நியாயம் உண்டு. ஆனால் ஒழுங்குமுறை நோக்கில் முக்கியமானது வேறு: உற்பத்தி ஓரிடத்தில் குவிந்திருப்பதால் அங்கு செய்யும் ஒரு சோதனை ஆயிரக்கணக்கான சமையலறைகளுக்குப் பொருந்துகிறது. 2021இல் அஃபிளடொக்சின் என்ற பூஞ்சை நச்சு கலந்த தேங்காய் எண்ணெய் சுங்கத்தில் பிடிபட்டதும், இதே போல, இறக்குமதி ஒரே வாயிலில் குவிவதால்தான்.

கடை உணவு: பல மடைகள்

சாப்பாட்டுக் கடைகளில் நிலைமை மாறுகிறது. பரிசோதகர் முறைப்படி எடுக்கும் மாதிரி மூன்றாகப் பிரிக்கப்பட்டு முத்திரையிடப்படுகிறது. ஒன்று உரிமையாளருக்கு, ஒன்று பகுப்பாய்வாளருக்கு. மூன்றாவது பரிசோதகரிடம் இருக்கும். நீதவான் முன்னிலையில் வழக்கு நிற்க இந்த நடைமுறை தேவை. ஆனால் அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து அது முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். அறிக்கை வருமுன் சோற்றுப் பார்சல் உண்ணப்பட்டிருக்கும். இயல்பாகவே கண்காணிப்பு கண்ணுக்குத் தெரிவனவற்றின் பக்கம் சாய்கிறது: காலாவதித் திகதி, மருத்துவச் சான்றிதழ், இலையான் மொய்க்கும் பலகாரத் தட்டு. பூச்சிகொல்லி எச்சமோ தடைசெய்த நிறமூட்டியோ அப்படித் தெரிவதில்லை. இதற்கு மேல், 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை நாட்டின் உள்ளூராட்சி மன்றங்கள் மக்கள் பிரதிநிதிகள் இன்றி இயங்கின. உணவுச் சட்டத்தை ஊரில் நடைமுறைப்படுத்தும் அமைப்பிடம் வாக்காளர் கேள்வி கேட்க இயலாத காலம் அது.

கிணறு: மடையே இல்லை

வன்னியில் ஒருவர் நாள்தோறும் அதிகம் உட்கொள்வது நீர். வவுனியா, காரணம் முழுமையாக நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களுள் ஒன்று. இந்நோயின் காரணிகளாக ஐயுறப்படும் கடினத்தன்மையும் புளோரைட்டும் உலர்வலயக் கடும்பாறை நிலத்தடி நீரில் பல இடங்களில் கூடுதலாக உள்ளன. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் குடிநீர் நியமம் (எஸ்.எல்.எஸ். 614) புளோரைட்டுக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம் என எல்லை வகுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5. வெப்ப நாட்டில் மக்கள் கூடுதலாக நீர் அருந்துவதால் இறுக்கமான எல்லை பொருத்தமானதே.

ஆகவே இங்கே நியமத்தில் குறையில்லை. சொந்த வளவில் இறைத்துக் குடிக்கும் நீரில் விற்பனை நிகழ்வதில்லை. சட்டம் பிடித்துக்கொள்ள ஒரு செயல் இல்லை. பரிசோதகர் கிணற்றுக்குக் குளோரின் இட்டுக் கிருமிகளைக் கட்டுப்படுத்தலாம். புளோரைட் குளோரினுக்கு மசியாது. கொதிக்க வைத்தாலும் போகாது. போத்தல் நீருக்குத் தனி ஒழுங்குவிதியும் பதிவிலக்கமும் உண்டு. ஊர்களில் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் வீட்டுக் கலன்களில் நிரப்பிக் கொடுக்கும் நீருக்கோ அந்த இலக்கத்தை ஒட்ட இடமே இல்லை. நிலையத்தின் வடிகட்டும் மென்சவ்வு எப்போது மாற்றப்பட்டது என்பதைக் குடிப்பவர் அறிய வழியில்லை.

என்ன செய்யலாம்?

புதிய அதிகாரசபை விற்பனையை மையமாகக் கொண்ட அதே சட்டத்தைக் கையாளுமானால் கிணறு அதற்கும் வெளியேதான் நிற்கும். மாறாக, மூன்று செயல்கள் உடனடியாகப் பயன் தரும். ஒன்று, நீர் நிரப்பும் நிலையங்களைப் பிரதேச சபைகள் தம் துணைவிதிகளின் கீழ்ப் பதிவுசெய்தல். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் துணைவிதி இயற்றும் அதிகாரத்தை வழங்குகிறது. இரண்டு, கிராம அலுவலர் பிரிவு வாரியாகக் கிணற்று நீரின் அளவீடுகளைத் தமிழில் வெளியிடுதல். மூன்று, வவுனியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடங்களையும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய, பொறியியல் பீடங்களின் ஆய்வுகூடங்களையும் இப்பணியில் ஈடுபடுத்துதல்.

பல்கலைக்கழக அறிக்கை நீதிமன்றத்தில் நிற்குமா என்ற ஆட்சேபம் எழலாம். வழக்குக்கான பகுப்பாய்வும் கண்காணிப்புக்கான அளவீடும் வெவ்வேறானவை. முன்னதற்கு முத்திரையும் அங்கீகாரமும் கட்டாயம். பின்னதற்குத் தேவைப்படுவது சீரான, பலருக்கும் தெரியக்கூடிய தரவு. கிணற்றுக்குச் சொந்தக்காரர் மீது வழக்குத் தொடர எவரும் விரும்பப்போவதில்லை. அவருக்கு வேண்டியது தன் நீரில் என்ன இருக்கிறது என்ற செய்தி. அதைத் தரும் கடமையைச் சட்டம் இன்னும் எவர்மீதும் சுமத்தவில்லை. அடுத்த திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அது.