ரேடியோ நெல், திண்டிவனம் மல்லாட்டை

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறீர்கள். கலர் கலராக ஸ்டிக்கர் ஒட்டிய எஃப்.எம். வேன் ஒன்று வந்து நிற்கிறது. அதிலிருந்து குதிக்கிற பையன், பூக்கூடையோடு நிற்கும் ஒரு பெண்மணியிடம் மைக்கை நீட்டுகிறான். 'அக்கா, எந்த ஊரு? ரெண்டு வரி பாடுங்க, பரிசு இருக்கு!' அக்காவுக்கு வெட்கம். கூட்டம் சேர்கிறது. பரிசு கொடுத்த ஜவுளிக்கடையின் பெயர் நாலு முறை காற்றில் போகிறது. வேன் கிளம்பிவிடுகிறது.

இது ஏதோ நேற்றைக்குக் கண்டுபிடித்த மார்க்கெட்டிங் உத்தி என்று நினைத்தால் தப்பு. ஜனங்கள் இருக்கிற இடத்துக்கு ரேடியோ இறங்கி வருகிற சங்கதி, நம்மூரில் 1930லேயே நடந்துவிட்டது.

அமெரிக்காவில் அது வியாபாரமாக ஆரம்பித்தது. 1920ல் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஃபிராங்க் கான்ராட் என்ற இன்ஜினீயர், தன் வீட்டு கராஜிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். பொழுதுபோக்குதான். உள்ளூர் ஜோசப் ஹார்ன் கடை, அதைக் கேட்கும் செட் 10 டாலரிலிருந்து கிடைக்கும் என்று பேப்பரில் விளம்பரம் போட்டது. கான்ராட் வேலை பார்த்த வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனிக்குப் பொறி தட்டியது. அட, பாட்டைக் கொடுத்தால் பெட்டி விற்குமே! நவம்பர் 2ம் தேதி கே.டி.கே.ஏ. நிலையம் பிறந்தது.

சென்னையிலோ பாட்டு இருந்தது, பெட்டி வாங்கத்தான் ஆளில்லை. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய மெட்ராஸ் பிரசிடென்ஸி ரேடியோ கிளப், 1924ல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது கையிலிருந்தது 40 வாட் டிரான்ஸ்மிட்டர். ஒரு பழைய குண்டு பல்பின் சக்தி! 1927ல் பணமில்லாமல் இழுத்து மூடினார்கள். கருவி சென்னை மாநகராட்சியிடம் போய்ச் சேர்ந்தது.

மாநகராட்சி ஒரு காரியம் செய்தது. 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பு. கேட்கப் பெட்டி வேண்டாம், மெரினாவுக்கு வந்தால் போதும். அங்கேயும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டினார்கள். மாலையில் காற்று வாங்க வந்தவர்கள் சங்கீதமும் வாங்கிக்கொண்டு போனார்கள். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நிகழ்ச்சி. 1938 ஜூன் 16ல் அகில இந்திய வானொலி சென்னையில் வரும்வரை இந்த ஏற்பாடு ஓடியது.

பிற்பாடு இதே யோசனை கிராமத்துக்குப் போனதுதான் பஞ்சாயத்து ரேடியோ. பெட்டி பூட்டிய அறைக்குள், கூம்பு ஸ்பீக்கர் வெளியே. உங்கள் அப்பாவைக் கேளுங்கள், சாயங்காலச் செய்திக்குத் திண்ணை எப்படி நிரம்பும் என்று சொல்வார்.

ஆனால் அது ஒரு வழிப் பாதை. ரேடியோ பேசும், ஊர் கேட்கும். 1966ல் வானொலி நிலையங்களில் பண்ணை - இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் வந்ததும் பாதை இரண்டாயிற்று. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே போய், விவசாயியின் குரலைப் பதிவு செய்தார்கள். அந்தக் காலகட்டத்தில் தஞ்சாவூரில் பரவிய புது நெல் ஏ.டி.டி. 27. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் சொன்னது. விளைவு? ஜனங்கள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. பி.காம். படித்தவன் சொல்கிறேன், விளம்பர உலகில் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. எந்த சோப்புக்காவது அதை விளம்பரப்படுத்திய டி.வி.யின் பெயரை ஜனங்கள் வைத்திருக்கிறார்களா?

நெல்லுக்குத் தஞ்சாவூர் என்றால் மல்லாட்டைக்குத் திண்டிவனம். (மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்று படித்துக்கொள்ளவும்.) டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்றெல்லாம் நிலக்கடலை ரகங்கள் உண்டல்லவா? அந்த டி.எம்.வி. வேறொன்றுமில்லை, திண்டிவனம்தான்! அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்தவை. டி.எம்.வி. 7 வெளியானது 1967ல். அதே வருடம் செப்டம்பரில்தான் புதுச்சேரி வானொலியும் தொடங்கியது. திண்டிவனம், விழுப்புரம் இரண்டுக்குமே பக்கத்து வீட்டு ஸ்டேஷன்.

2005ல் எஃப்.எம். உரிமத்தின் இரண்டாம் கட்டக் கொள்கை வந்த பிறகு, தனியார் நிலையங்களும் புதுச்சேரியில் கடை விரித்தன. அங்கிருந்து வேன் கிளம்பி இந்தப் பக்கம் வருவதில் தப்பில்லை. ஜவுளிக்கடை விளம்பரமும் தப்பில்லை, சம்பளம் கொடுக்க வேண்டாமா? ஆனால் வந்தவர்கள் இங்கே என்ன கேட்கிறார்கள்? பாட்டு. கமிட்டியில் இன்றைக்கு மல்லாட்டை மூட்டை என்ன விலை போச்சு என்று அந்த அக்காவைக் கேட்டுப் பார்க்கட்டும். வெட்கப்படாமல் அரை மணி நேரம் பேசுவார்.

இதில் விலையை விடப் பெரிய விஷயமும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. மழை. பல இடங்களில் கரன்ட் இல்லை. விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்கள் நின்றன. செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோனவருக்கு, இரண்டு பேட்டரி போட்ட ரேடியோ என்ன சொல்ல வேண்டும்? எந்த ஏரி உடைந்தது, எந்த ரோடு முழுகியது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார்கள். தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாதுதான். ஆனால் மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம் பற்றிய உள்ளூர் அறிவிப்புகளுக்கு 2011 கொள்கையிலேயே இடம் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த முறை பஸ் ஸ்டாண்டில் மைக் உங்களிடம் வந்தால், பாடுவதற்கு முன்னால் அந்தப் பையனிடம் ஒன்று கேளுங்கள். 'தம்பி, அன்னிக்கு இந்த வேன் எங்க நின்னுச்சு?'