நிலவறையில் ஒலித்த மணி

பாடத்தின் நடுவே எவரேனும் உள்ளே நுழைந்தால் அதன் இழை அறுந்துவிடும். 35 ஆண்டு ஆசிரியப் பணியில் நான் நன்கறிந்த துன்பம் இது. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில், பேராசிரியர் வாரன் ஜான்சனும் இதனால் அல்லலுற்றார். குளிர்காலத்தில் பள்ளிப் பணியாளர் அடிக்கடி வகுப்புக்குள் வந்து வெப்பமானியைப் பார்ப்பார்; பின் நிலவறைக்கு இறங்கி உலையின் காற்றுவழியைத் திருத்துவார். அந்நாட்டுக் குளிரை நாம் அறியோம். குறுக்கீட்டை அறிவோம் அல்லவா? ஜான்சன் அறையில் ஒரு கருவியைப் பொருத்தி, அதிலிருந்து மின்கம்பியை நிலவறைக்கு இழுத்தார். வெப்பம் மாறியதும் அங்கே மணி ஒலித்தது. 1883இல் காப்புரிமை பெற்ற அக்கருவி உலையைத் தானே அடக்கவில்லை. மணி கேட்ட பணியாளரே அடக்கினார். நேரங்குறித்து வைத்தால் தாமே இயங்கும் சுவர்க் கருவிகள் பின்னர் வந்தன. எனினும் நான் பெரிதும் மதிப்பது இம்மணியையே. வகுப்பின் கதவு மூடியே இருந்தது.