உள்செவித் தலைசுற்றலும் வீட்டுவழிச் சிகிச்சையும்: உத்திரமேரூர் வட்டாரத்தை முன்வைத்து

உள்செவிக் கோளாறுகளால் வரும் தலைசுற்றலில் மிகப் பரவலான வகைக்கு மருந்து தேவையில்லை, தலையை முறைப்படி திருப்பினாலே போதும் என்பது மருத்துவ உலகில் ஏறத்தாழ முடிந்துபோன விவாதம். ஆயினும் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டாரத்தைப் போன்ற வேளாண் பகுதிகளில், தலைசுற்றல் என்று வருபவருக்கு ஓர் ஊசியும் சில நாள் மாத்திரையும் தருவதும், அதற்கும் அடங்காவிட்டால் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ ஸ்கேனுக்கு அனுப்புவதுமே பெரும்பாலும் நடைமுறையாக இருக்கிறது. தலையைத் திருப்பும் சிகிச்சைக்கு உரிய இடம் பெருமருத்துவமனை அன்று, நோயாளியின் வீடே என்பதும், அதற்கான ஆள்பலம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

உள்செவியில் தலையின் சுழற்சியை உணர மூன்று அரைவட்டக் குழல்களும், புவியீர்ப்பின் திசையை உணர இரு நுண்பைகளும் உள்ளன. நுண்பைகளில் பதிந்திருக்கும் கால்சியம் கார்பனேட் படிகங்கள் முதுமையாலோ தலையில் பட்ட அடியாலோ, பல வேளைகளில் வெளிப்படையான காரணம் ஏதுமின்றியோ, உதிர்ந்து குழலுக்குள் புகுந்துவிட்டால், தலை அசையும்போது அவை உருண்டு, குழலிலுள்ள நீர்மத்தைத் தள்ளி, இல்லாத சுழற்சியை மூளைக்கு அறிவிக்கின்றன. நிலைமாற்றத் தலைசுற்றல் எனப்படும் இந்நோயில் சுற்றல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். படுக்கும்போதும், புரண்டு படுக்கும்போதும், குனிந்து நிமிரும்போதும் எனத் தலையின் நிலை மாறுகையில் மட்டுமே வரும். நாளெல்லாம் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கு இது எத்தகைய இடர் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆண்களைவிடப் பெண்களிடமே, அதிலும் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம், இது மிகுதியாகக் காணப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், வட்டாரத்தின் வயல்வேலையில் பெரும்பங்கைச் சுமப்பவர்களே இதன் இலக்கு என்பது புலனாகும்.

1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்னும் இருவர் விவரித்த சோதனையே இன்றும் இந்நோயைக் கண்டறியும் வழி. நோயாளியின் தலையை 45 பாகை ஒருபுறம் திருப்பி, சட்டென மல்லாக்கப் படுக்கவைத்தால், சில நொடிகள் கழித்துச் சுற்றல் தொடங்கும்; கண்மணிகள் துடித்துச் சுழல்வதை வெறுங்கண்ணாலேயே காணலாம். அமெரிக்கரான ஜான் எப்ளி வகுத்து, பல ஆண்டுகள் சக மருத்துவர்களின் ஏளனத்தைத் தாங்கி, 1992இல் ஆய்விதழில் வெளியிட்ட சிகிச்சை அந்த நிலையிலிருந்தே தொடங்குகிறது. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை காத்திருந்து, தலையை மறுபுறம் 90 பாகை திருப்பி, பின் உடலோடு ஒருக்களித்து முகம் தரையை நோக்கும்படி புரட்டி, இறுதியில் எழுப்பி உட்காரவைத்தால், படிகங்கள் குழலைவிட்டு மீண்டும் நுண்பைக்குள் சென்றுவிடும். பெரும்பாலோர்க்கு ஓரிரு முறை செய்வதே போதுமானது. கட்டிலின் விளிம்பில் தலையைத் தொங்கவிடும்படி பாடநூல் கூறினாலும், பாயில் படுப்பவருக்குத் தோள்களுக்கடியில் ஒரு தலையணையை வைத்தால் கழுத்து அதே அளவு பின்சாயும். ஊர்ப்புற வீட்டில் இதற்குத் தடையாக நிற்கும் கருவிக் குறைபாடு எதுவும் இல்லை.

மாத்திரைகள் உடனடி ஆறுதல் தருகின்றனவே என்பது எளிதில் தள்ளத்தக்க மறுப்பு அன்று; குமட்டலும் வாந்தியும் கடுமையாக உள்ள ஓரிரு நாள்களுக்கு அவை உதவுகின்றன. ஆனால் படிகத்தை இடம்பெயர்க்கும் ஆற்றல் எந்த மாத்திரைக்கும் இல்லை. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவற்றை வாரக்கணக்கில் தொடர்ந்தால், உள்செவியின் குறையை மூளை தானே ஈடுசெய்யும் பழக்கம் தாமதப்படுகிறது. முதியவர்களுக்குப் பார்க்கின்சன் நோயை ஒத்த நடுக்கமும் விறைப்பும் வரக்கூடும். நிலைமாற்றத் தலைசுற்றலுக்கு இம்மருந்துகளை வழக்கமாகத் தரலாகாது என 2017ஆம் ஆண்டின் அமெரிக்கக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் கழக வழிகாட்டுதல் தெளிவாகவே உரைக்கிறது.

உள்செவிக் கோளாறுக்கு இன்னொரு காரணமும் கருதத்தக்கது. காசநோய்க்குப் பல்லாண்டுகள் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, உள்செவியின் சமநிலை உணர்செல்களை மீளாவண்ணம் அழிக்கவல்லது. இரு செவிகளிலும் அவ்வுணர்வை இழந்தவருக்குத் தலை சுற்றாது. மாறாக, இருட்டில் வரப்பின்மேல் கால் தடுமாறும், நடக்கையில் எதிரிலுள்ள காட்சி குலுங்கும். இவர்களுக்கு எப்ளி முறையால் பயனில்லை; பார்வையை ஒரு புள்ளியில் நிறுத்தித் தலையை அசைப்பது, கால்களை நெருக்கி நிற்பது, பின் மென்மையான பரப்பில் நிற்பது எனப் படிப்படியாகக் கூடும் பயிற்சியே வழி. அத்தகைய பயிற்சிக்கு 1940களில் இலண்டனில் காதோர்னும் குக்ஸியும் அடித்தளமிட்டனர்.

நீண்டகாலச் சிகிச்சையை ஏழையின் வீட்டிலேயே நடத்த இயலும் என்பதை உலகுக்குக் காட்டியது சென்னைதான். 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நெரிசலான வீடுகளில் மருந்துண்டவர்களும் காசநோய் விடுதியில் தங்கியவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்ததை 1959இல் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அம்மரபின் நீட்சியே. நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவரையும் அது வாசலுக்கு அனுப்புகிறது. பக்கவாதம் கண்டவரின் கைகால்களுக்குப் பயிற்சி தரும் அவர், தலைசுற்றலுக்கான இம்முறையைக் கற்றுக்கொள்ள நெடுநாள் ஆகாது.

எனினும் எப்போது செய்யலாகாது என்பதையும் அதே அழுத்தத்தோடு கற்பிக்க வேண்டும். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒருபக்கத் தளர்ச்சி, பிடிமானமின்றி நிற்கவே இயலாமை ஆகியவற்றோடு திடீரென வரும் சுற்றல் மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். அப்போது 108 ஆம்புலன்ஸை அழைப்பதே முறை. கழுத்தெலும்புத் தேய்வு மிகுந்தவர்களுக்கும் எப்ளி முறையை அப்படியே செய்யலாகாது. மேலும், குணமானவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஐந்தாண்டுக்குள் இந்நோய் திரும்புகிறது. மாதந்தோறும் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பணியாளர், புரண்டு படுக்கையில் மறுபடியும் சுற்றுகிறதா என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்பதே அந்த மீள்வரவைக் கண்டுகொள்ளப் போதுமானது.