மார்கழிப் பாடகரும் நம் கிறிஸ்து பிறப்புக் காலமும்

ஆரணியாற்றங்கரையில் உள்ள நம் பெரியபாளையத்திற்குப் பாட்டின் பருவம் என்றால் அது ஆடி மாதந்தான். பவானி அம்மன் கோயிலுக்குச் சென்னையிலிருந்தும் ஆந்திர எல்லை ஊர்களிலிருந்தும் ஞாயிறுதோறும் மக்கள் திரள்வர். வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வருவோரின் நடுவே பம்பையும் உடுக்கையும் முழங்கும். அம்மன் கதையைப் பாடுகின்ற அக்கலைஞர்கள் இரவெல்லாம் பாடிவிட்டு, மறுநாள் வேறோர் ஊருக்குப் பயணப்படுவர். திருவிழாக்காலம் முடிந்தபின் அவர்களுள் பலர் கூலி வேலைக்குத் திரும்பிவிடுகின்றனர். சில வாரங்களில் தொண்டை ஈட்டித் தருவதை வைத்துத்தான் மற்ற மாதங்களைத் தள்ளியாக வேண்டும்.

ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலை வழியே செங்குன்றத்தைக் கடந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் மயிலாப்பூர். அங்கும் ஒரு பருவம் உண்டு. பட்டுப் புடவையும் அங்கவஸ்திரமும் விளங்கும் அந்த மேடைக்கும் நம் ஆற்றங்கரை உடுக்கைக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். ஆண்டின் பிழைப்பையும் பெயரையும் சில வாரங்களில் தேடிக்கொள்ள வேண்டிய நெருக்கடி இருவருக்கும் பொது. நாம் இங்கே பேசப் புகுவது மார்கழிப் பாடகரைப் பற்றி.

இசை விழா மார்கழியில் அமைந்ததற்குப் பக்தியை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. இரண்டு நாட்காட்டிகள் அங்கே சந்தித்துக்கொண்டன. மார்கழியில் இந்துக்கள் திருமணம் நடத்துவதில்லை. திருமணக் கச்சேரியே பாடகருக்குப் பெருவருவாயாக இருந்த காலத்தில், மார்கழி அவருக்கு வேலையற்ற மாதம். மறுபக்கம், ஆங்கில ஆட்சியில் நீதிமன்றங்களும் அலுவலகங்களும் கிறிஸ்து பிறப்பை ஒட்டி விடுமுறை விட்டன. பாடுவோருக்கும் ஓய்வு, கேட்போருக்கும் ஓய்வு. 1927 டிசம்பரில் இந்திய தேசிய காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது, அதனுடன் அனைத்திந்திய இசை மாநாடு ஒன்றும் நடந்தது. அதன் விளைவாகத் தோன்றிய மியூசிக் அகாதமியை 1928 ஆகஸ்ட் 18 அன்று சர் சி.பி. இராமசாமி ஐயர் தொடங்கிவைத்தார். விரைவில் அதன் ஆண்டு மாநாடு டிசம்பரில் நிலைபெற்றது. நம் மரபிலும் திருவருகைக் காலம் திருமண ஆரவாரங்களை விலக்கி வைத்த காலமே என்பதை எண்ணும்போது, இரு சமயங்களின் ஒடுக்கத்தின் இடைவெளியில் ஓர் இசைப் பருவம் முளைத்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. நாம் பெரும்பாலும் அதை எட்டியும் பார்ப்பதில்லை என்பது வேறு செய்தி.

அதற்கு முன் பாடகர் எங்ஙனம் வாழ்ந்தார்? அரசவை, கோயில், ஜமீன், திருமண வீடு ஆகிய நான்கே அவருடைய வாசல்கள். 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனபின் பலர் சென்னையை நாடினர். அங்கே சபாக்கள் தோன்றின. நுழைவுச் சீட்டு வந்தது. புரவலர் என்னும் ஒருவருக்குப் பதில் சீட்டு வாங்கும் ஆயிரவர் வந்தனர். இசைவாணர்களைக் கூட்டி மாநாடு நடத்தும் வழக்கத்திற்கு முன்னோடியாக நின்றவர்களுள் ஒருவர் கிறிஸ்தவர் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளைக் கூட்டினார். 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். ஆயினும் அப்பெருமையில் நமக்கும் பங்கு உண்டு என்று கருதுகிறோம்.

சீட்டு வாங்கியவர் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அரண்மனைப் பிரபுவுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. நான்கைந்து மணி நேரம் நீண்ட கச்சேரியைச் செறிவாக்கி, வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகளைப் பாடி, ஓரிரு இராகங்களை விரித்து, தனி ஆவர்த்தனத்திற்கும் பல்லவிக்கும் இடம் தந்து, துக்கடாக்களுடன் மங்களத்தில் முடிக்கும் இன்றைய முறையை நிலைநாட்டியவர் அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார் (1890–1967). இன்று இரண்டரை மணி நேரத்தில் பாடகர் தம் ஓராண்டு உழைப்பைக் காட்டியாக வேண்டும்.

1930களில் ஒலிபெருக்கி பரவியது இன்னொரு பெரிய மாற்றம். அதற்குமுன் கடைசி வரிசைக்கும் எட்டும்படி ஐந்து கட்டைச் சுருதியில் பாடியாக வேண்டியிருந்தது. நாடகமேடையிலிருந்து வந்த கே.பி. சுந்தராம்பாள் போன்றோரின் குரல் அத்தகைய பயிற்சியில் உரம் பெற்றது. ஒலிபெருக்கி வந்தபின் சுருதி இறங்கிற்று. மெல்லிய கமகமும் செவிக்கு எட்டியது. தொண்டைக்கு அது ஓர் அருட்கொடை. ஆனால் சிறு பிசிறும் இப்போது ஆயிரம் செவிகளுக்குப் போய்விடும்!

இனி, அந்தப் பருவத்தில் ஒரு பாடகரின் நாளைப் பார்ப்போம். டிசம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி முதல் வாரம் வரை ஒருவர் ஏழெட்டுச் சபாக்களில் பாடுவதும், முன்னணியில் உள்ளோர் அதற்கும் மேல் பாடுவதும் வழக்கம். கேட்போரில் பலர் ஒரே பாடகரைச் சபாவுக்குச் சபா பின்தொடர்வர். ஆகவே திங்களன்று தோடியை விரித்துப் பாடியவர் வியாழனன்றும் தோடியையே பாடினால் முணுமுணுப்பு எழும். எந்தச் சபாவில் எந்த இராகம், எந்தக் கீர்த்தனை, எந்தத் தாளத்தில் பல்லவி என்று மாதங்களுக்கு முன்பே பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். வயலின், மிருதங்கம், கடம் அல்லது கஞ்சிரா வாசிக்கும் பக்கவாத்தியக்காரர்களும் ஒரே நாளில் இரண்டு மேடைகளில் அமர்வதுண்டு. அவர்களோடு ஒத்திகை பார்க்கப் பெரும்பாலும் நேரம் வாய்ப்பதில்லை. மேடையில்தான் ஒருவர் மனத்தை ஒருவர் படித்துக்கொள்ள வேண்டும். நிரவலிலும் கற்பனைச் சுரத்திலும் அந்தப் படிப்பு வெளிப்படும்போது கேட்கும் நமக்கு மெய் சிலிர்க்கிறது.

விடியற்காலையில் அகார சாதகம். பிறகு கூடியமட்டும் வாய்மூடி இருத்தல். தயிரும் குளிர்ந்த நீரும் விலக்கு. மிளகும் பனங்கற்கண்டும் இட்ட பாலும் வெந்நீரும் துணை. மார்கழிப் பனி, சாலைப் புழுதி, அரங்குகளின் குளிர்சாதனம் ஆகிய மூன்றும் சேர்ந்து தாக்குவது தொண்டைக்குள் உள்ள இரண்டு சிறு மடிப்புகளை. அவை வீங்கினால் மேல் ஸ்தாயி எழும்பாது. ஓய்வின்றி வருத்தினால் அவற்றில் காய்ப்பு விழும். வயலின்காரர் அறுந்த தந்தியை மாற்றிக்கொள்ளலாம். பாடகர் என்ன செய்வார்? நம் பங்குப் பாடகர் குழுவினர் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கேரல் பாடிக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டு, 24ஆம் நாள் நள்ளிரவுத் திருப்பலிக்குள் குரல் கட்டி நிற்பதை ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களுக்காவது மறுநாள் ஓய்வு கிடைக்கிறது. குழுவில் ஒருவர் குரலை மற்றவர் குரல் தாங்கிக்கொள்கிறது.

குரல் போவது எத்தகைய துயரம் என்பதற்குச் செம்பை வைத்தியநாத பாகவதரின் வரலாறே சான்று. வெண்கலக் குரல் என்று போற்றப்பட்ட அவருக்கு 1950களின் தொடக்கத்தில் மேடையிலேயே குரல் நின்றுபோனது. சிகிச்சைக்குப் பின் குரல் மீண்டது. அது இறைவன் திருப்பித் தந்தது என்று நம்பிய அவர், பிற்காலத்தில் தம் வருவாயில் பெரும் பங்கைக் குருவாயூர்க் கோயிலுக்கே கொடுத்தார். 1974 அக்டோபர் 16 அன்று, ஒரு கச்சேரியைப் பாடி முடித்த பின்னரே அவர் உயிர் பிரிந்தது.

வருவாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலை ஆறு, ஏழு மணிக்கு அமரும் முன்னணிப் பாடகருக்குத்தான் அரங்கு நிறையும். நண்பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் பாடும் இளையோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் போக்குவரத்துக்கே காணாது. பக்கவாத்தியக்காரர்களுக்குத் தம் கையிலிருந்து கொடுப்போரும் உளர். எதிரே இருபது பேர் அமர்ந்திருப்பர், மற்றவர்கள் சிற்றுண்டிச்சாலையில். (சபாச் சிற்றுண்டியின் சுவையை நாமும் மறுப்பதற்கில்லை.) இருந்தும் அவர் ஏன் பாடுகிறார்? அந்த இருபது பேரில் ஒருவர் விமரிசகராக இருக்கலாம். 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் கல்கி எழுதிய நாள் முதல் சுப்புடு (1917–2007) எழுதிய காலம் வரை, அச்சில் வந்த ஒரு பத்தி ஒருவரை உயர்த்தவும் வீழ்த்தவும் வல்லதாக இருந்தது. டிசம்பரில் பெற்ற பெயரே பிற ஊர், பிற நாட்டு அழைப்புகளாகவும் மாணவர்களாகவும் பின்னர் விளைகிறது. 1938இல் தொடங்கிய சென்னை வானொலி நிலையம் பல்லாண்டுகள் பலருக்குச் சீரான ஊதியம் தந்ததைப் போல இன்று வேறு துணை ஏதும் இல்லை.

அந்த மேடையின் கதவுகளும் எளிதில் திறந்தவை அல்ல. 1932இல் டி.கே. பட்டம்மாள் என்ற சிறுமி சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் பாடியபோது, அவருடைய சமூகத்துப் பெண் பொதுமேடையில் பாடுவதே புதுமை. பல்லவி பாடுவது ஆண்களின் உரிமை என்றிருந்த எண்ணத்தையும் அவரே மாற்றினார். மதுரை வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு 1968இல்தான் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. அதற்குமுன் எந்தப் பெண்ணுக்கும் அது வழங்கப்படவில்லை. தமிழ்ப் பாடல்களும் நெடுங்காலம் கச்சேரியின் இறுதியில் துக்கடாவாகவே நின்றன. அந்தக் குறையே 1940களில் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் ஆதரவில் தமிழிசை இயக்கமாக எழுந்து, 1943இல் தமிழ் இசைச் சங்கமாக உருப்பெற்றது.

துக்கடா என்று ஒதுக்கப்பட்ட தமிழ்ப் பாடல்களில் நம் கத்தோலிக்கர் ஒருவரின் பாடல்களும் உண்டு. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை (1826–1889) எழுதிய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யை இன்றும் கச்சேரி மேடையில் கேட்கலாம். பஞ்சகாலத்தில் அவர் பசித்தோருக்குத் தம் பொருளை வாரி வழங்கியதைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிப் பாடினார். ஒரு கத்தோலிக்க நீதிபதியைச் சிவபக்தர் ஒருவர் பாடினார். அந்தச் சிவபக்தரின் கீர்த்தனையும் நீதிபதியின் கீர்த்தனையும் இன்று ஒரே மேடையில் ஒலிக்கின்றன.

மேடையேறிய கத்தோலிக்கர் என்றால் கே.ஜே. ஜேசுதாஸ் நினைவுக்கு வருவார். 1940இல் ஃபோர்ட் கொச்சியில் பிறந்த அவருக்கு முதல் ஆசான், நாடக நடிகரும் பாடகருமான தந்தை அகஸ்டின் ஜோசப். திருப்பூணித்துறை இசைக் கல்லூரியில் வறுமையோடு பயின்றார். பின்னர் அவரைச் சீடராக ஏற்றுக் கற்பித்தவர், மேலே நாம் கண்ட அதே செம்பை பாகவதர். திரையிசையில் பெரும்புகழ் பெற்ற பின்னும் ஆண்டுதோறும் டிசம்பரில் சென்னைச் சபாக்களில் அமர்ந்து முழுக்கச்சேரி பாடுவதை அவர் நெடுங்காலம் விடவில்லை. திரைப்பாடலில் பிழை நேர்ந்தால் மீண்டும் பதிவு செய்யலாம். சபா மேடையில் அது முடியாது. அத்தகைய தேர்வுக்குத் தம்மை ஆண்டுதோறும் உட்படுத்திக்கொண்ட மனம் நமக்கு வியப்பளிக்கிறது. 2017இல் அவருக்குப் பத்மவிபூஷண் வழங்கப்பட்டது. குருவின் உள்ளம் கவர்ந்த குருவாயூர்க் கோயிலுக்குள் மட்டும் அந்தச் சீடருக்கு அனுமதி கிட்டவில்லை.

கதவுகள் முழுவதும் திறந்துவிட்டன என்றும் சொல்வதற்கில்லை. 2018 ஆகஸ்டில், கிறிஸ்தவப் பாடல்களைக் கர்நாடக இசையில் பாடிய, பாடவிருந்த கலைஞர்கள் சிலர் ஏச்சுக்கும் மிரட்டலுக்கும் ஆளாயினர். ஒரு நிகழ்ச்சி கைவிடப்பட்டது. அப்போது, மாதந்தோறும் இயேசுவைப் பற்றியோ அல்லாஹ்வைப் பற்றியோ ஒரு பாடல் வெளியிடுவேன் என்று அறிவித்தவர் டி.எம். கிருஷ்ணா. இக்குற்றத்தில் நம் பக்கமும் ஒரு சிறு பங்கு உண்டு என்பது நம் எண்ணம். மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பு அளிக்கவேண்டும் என்று 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறிற்று. திருச்சியில் 1977இல் அருள்பணியாளர் எஸ்.எம். ஜார்ஜ் தொடங்கிய கலைக் காவிரி அதற்கு உருவம் கொடுத்தது. ஆயினும் நம் பங்குகளில் குழந்தைக்குக் கீபோர்டு வாங்கித் தரும் பெற்றோருள், சரளி வரிசை கற்க அனுப்புவோர் எத்தனை பேர்? அந்த இசை நம்முடையதன்று என்று பிறர் சொல்வதற்கு முன்பே நாம் சொல்லிக்கொண்டுவிட்டோம்.

2020இல் பெருந்தொற்றினால் அரங்குகள் மூடிக்கிடந்தன. பாடகர்கள் ஆளில்லா அரங்கில் ஒளிப்படக் கருவியின் முன் பாட, நாம் வீட்டில் கைப்பேசியில் கேட்டோம். ஒலி தெளிவாகவே இருந்தது. ஆனால், நல்லதொரு சங்கதி விழுந்தபோது முன்வரிசைப் பெரியவர் தம்மை அறியாமல் எழுப்பும் "ஆகா" இல்லை. அந்த ஓசைக்காகத்தான் நண்பகல் இளைஞர் இருபது பேர் முன்னும் பாடுகிறார் என்பது அன்று நமக்கு விளங்கிற்று.

மியூசிக் அகாதமியில் ஜனவரி முதல் நாள் சதஸ் கூடி விருதுகள் வழங்கப்படும். சிறிது நாளில் பருவம் முடியும். பாடகர் இரண்டு மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருப்பார். சிலர் மருத்துவரிடம் தொண்டையைக் காட்டிக்கொள்வர். அதற்குள் திருவையாற்றில் தியாகராசர் ஆராதனை வந்துவிடும். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்றிருந்த காலத்தில், தம் பொருளைச் செலவிட்டுச் சமாதிக்குக் கோயில் எழுப்பி அவர்களுக்கும் இடம் கேட்டுப் போராடிய பெங்களூர் நாகரத்தினம்மாளின் சமாதி அருகிலேயே இருக்கிறது. இரவுப் பேருந்திலோ இரயிலிலோ, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, மார்கழிப் பாடகர் காவிரிக் கரைக்குப் புறப்படுகிறார்.