பழைய கிட்டாருக்கு 'அன்டூ' பட்டன் இருக்கா?

இன்னைக்கு எபிசோடை உடைஞ்சுபோன ஒரு கிட்டாரோட ஆரம்பிக்கலாம்.

2015ல் வந்த குவென்டின் டாரன்டினோவோட 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படம். ஜெனிஃபர் ஜேசன் லீ கிட்டார் வாசிச்சுக்கிட்டே பாடுவாங்க. கர்ட் ரஸ்ஸல் அதைப் பிடுங்கி அடிச்சு நொறுக்குவார். பாட்டு வரைக்கும் அசல் கிட்டார், அப்புறம் கேமராவை நிறுத்தி நகலை மாத்திட்டு அதை உடைக்கணும், இதுதான் திட்டம். அந்தத் தகவல் ரஸ்ஸலுக்குப் போய்ச் சேரலை. அவர் உடைச்சது 1870களில் செய்யப்பட்ட மார்ட்டின் கிட்டார், மார்ட்டின் நிறுவனத்தோட மியூசியத்திலிருந்து இரவல் வாங்கினது. அந்த அம்மா முகத்தில் தெரியிற பதற்றம் நடிப்பே இல்லை! இனிமே சினிமாவுக்கு கிட்டார் தர்றதில்லைன்னு மியூசியம் முடிவு பண்ணிடுச்சு.

இது ஒரே நொடியில் நடந்த அழிவு, எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிஞ்சது. ஆனா பழைய கிட்டார்கள் அதிகமா அழியிறது இப்படி இல்லை. ஆசை ஆசையா 'புதுசு மாதிரி' ஆக்குறாங்க பாருங்க, அங்கதான். அதனால இன்னைக்குக் கேள்வி: பழைய கிட்டாரைப் புதுப்பிக்கணுமா, இல்லை இருக்கிறபடியே பாதுகாக்கணுமா?

பூச்சும் பசையும்

முதல்ல இதோட இன்ஜினியரிங்கைப் பார்த்துடலாம். 1950களில் வந்த கிப்ஸன் கிட்டார்கள் மேல இருக்கிறது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். வருஷம் போகப்போக மஞ்சளாகும், மெல்லிசா விரிசல் விடும். 'சரி, மேல ஒரு கோட் அடிச்சா பளபளன்னு ஆயிடும்'னு தோணும். சிக்கல் என்னன்னா, புது நைட்ரோ லாக்கர் பழைய லாக்கரைக் கரைச்சு அதோடயே கலந்துடும். ரெண்டு தனி அடுக்கா நிக்காது. நாளைக்கு மனசு மாறினாலும் புதுசை மட்டும் தனியா உரிச்செடுக்க வழியில்லை.

பசை விஷயம் நேர்மாறு. பழைய மார்ட்டின்களில் கழுத்தையும் உடலையும் ஒட்டினது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சின பசை. நம்ம ஊர் தச்சர்கள் வஜ்ஜிரம்னு சொல்வாங்களே, அதே இனம். சூடும் ஈரமும் பட்டா இளகும். கம்பிகளோட இழுவையில் பல வருஷம் கழிச்சுக் கழுத்தோட கோணம் மாறிடும். அப்போ மூட்டுக்குள்ள நீராவி விட்டுக் கழுத்தைக் கழட்டி, கோணத்தைச் சரிபண்ணி, அதே பசையால திரும்ப ஒட்டலாம். அடுத்த தலைமுறை ரிப்பேர்காரரும் அதையே செய்யலாம். ஆனா நடுவுல யாராவது எபாக்ஸி போட்டு ஒட்டிட்டா, அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடின மாதிரிதான்.

நம்ம டெவலப்பர் பாஷையில் சொன்னா, வஜ்ஜிரம் போட்டது ரிவர்ட் பண்ணக்கூடிய கமிட். ரீஃபினிஷ் பண்றது ஹிஸ்டரியையே அழிச்சு எழுதுற ஃபோர்ஸ் புஷ்.

சந்தையும் இதைத்தான் சொல்லுது. பூச்சு மாத்தின விண்டேஜ் கிட்டாருக்கு அசல் பூச்சு இருக்கிறதோட பாதி விலைதான்னு வியாபாரிகள்கிட்ட ஒரு தோராயக் கணக்கு உண்டு. தேய்ஞ்சுபோன ஃப்ரெட்டை மாத்தினா அந்த அளவுக்கு விலை விழாது. வாசிச்சா ஃப்ரெட் தேயத்தானே செய்யும்!

ஓட்டையை அடைக்காத கிட்டார்

அடுத்து வில்லி நெல்சன். அவரோட பழைய பால்ட்வின் கிட்டாரை ஒரு குடிகாரர் மிதிச்சு உடைச்சுட்டார். 1969ல் நாஷ்வில்லில் இருந்த ஷாட் ஜாக்ஸன் கிட்ட, நேர்ல பார்க்காமலே 750 டாலருக்கு ஒரு மார்ட்டின் என்-20 வாங்கினார். பால்ட்வினில் இருந்த பிக்கப்பைக் கழட்டி இதுல பொருத்தினாங்க. அதாவது, முதல் நாளே அது 'அசல்' இல்லை. பேரு டிரிக்கர்.

என்-20 நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் வகை. விரலால் மீட்டுறதுக்காகச் செஞ்சது, பிக்கார்டு கிடையாது. வில்லி பிக் வச்சு வாசிச்சார். பல்லாயிரம் முறை உரசி உரசி, மேல்பலகையில் ஒரு பெரிய ஓட்டையே விழுந்துடுச்சு. ஆஸ்டினில் மார்க் எர்ல்வைன்தான் பல வருஷமா அதைப் பராமரிக்கிறார். ஓட்டையை அவர் அடைக்கலை. உள்ளே தாங்குகட்டைகளைப் பலப்படுத்தி, மேல லாக்கர் பூசி, மரம் இன்னும் தேயாம பார்த்துக்கிட்டார். ஏன்னா அந்த ஓட்டைதான் ஒரு மனுஷன் அம்பது வருஷமா என்ன வாசிச்சார்ங்கிறதுக்கு ஆதாரம்.

எந்த வருஷத்து அசல்?

இதுவரை 'தொடாதே' கட்சிதான் ஜெயிக்குது. இப்போ குழப்பமான இடத்துக்கு வருவோம்.

ஜான் லென்னனோட கிப்ஸன் ஜே-160இ. கம்பெனியிலிருந்து வந்தப்போ சன்பர்ஸ்ட் நிறம். 1967ல் 'தி ஃபூல்' ஓவியர் குழு அதுமேல சைகடெலிக் வண்ணம் தீட்டினாங்க. கொஞ்ச நாள்லயே அதெல்லாத்தையும் சுரண்டி வெறும் மரமாக்கினாங்க. 1969ல் படுக்கையில் உட்கார்ந்து லென்னனும் யோகோவும் நடத்தின அமைதிப் போராட்டத்தப்போ, அந்த மரத்துல ரெண்டு பேரோட முகங்களையும் லென்னன் வரைஞ்சார். இப்போ அதைப் 'பழைய நிலைக்கு'க் கொண்டுவரணும்னா எந்த நிலைக்கு? சன்பர்ஸ்டுக்குப் போனா லென்னன் வரைஞ்ச கோடுகள் போயிடும்.

இன்னும் பழசு ஒண்ணு இருக்கு. வயலினுக்குப் பேர்போன ஸ்ட்ராடிவாரி கிட்டாரும் செஞ்சிருக்கார். மிஞ்சினது விரல்விட்டு எண்ணுற அளவுதான். அதுல 1679ல் செஞ்ச 'சபியோனாரி' இரட்டைக் கம்பிகள் அஞ்சு ஜோடி கொண்ட பரோக் கிட்டார். 19ஆம் நூற்றாண்டில் அதை அந்தக் கால பாணிக்கு ஆறு கம்பி கிட்டாரா மாத்திட்டாங்க. நம்ம காலத்துல அதைத் திரும்பவும் பரோக் அமைப்புக்குக் கொண்டுவந்தாங்க, இப்போ கச்சேரிகளில் ஒலிக்குது. 1700ல் செஞ்ச இன்னொண்ணு, 'ராலின்ஸ்', அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில் இருக்கிற நேஷனல் மியூசிக் மியூசியத்தில் காட்சிப்பொருளா இருக்கு.

சபியோனாரி மூலமா 1679ன் குரல் நமக்குக் கிடைச்சது. பதிலுக்கு, இடையில் அதை வாசிச்ச தலைமுறைகளோட ஒரு அத்தியாயத்தை விட்டுக்கொடுத்தோம். ராலின்ஸ் எதையும் விட்டுக்கொடுக்கலை, ஆனா அதோட குரலை நாம கேட்கவும் முடியாது. ரெண்டுக்கும் ஒரு விலை இருக்கு.

அப்போ என்னதான் பண்றது?

என் கருத்து இதுதான். 'அசல்' ஒரே ஒரு தேதி கிடையாது. அதனால அதைத் தேடி அலையிறதைவிட, செய்யப்போற வேலையை நாளைக்குத் திருப்ப முடியுமான்னு கேட்கலாம். கம்பி, ஃப்ரெட், நட் எல்லாம் தேயிறதுக்காகவே இருக்கிற பாகங்கள், தைரியமா மாத்துங்க. கழட்டினதைத் தூக்கிப் போடாம, ஒரு கவர்ல போட்டுத் தேதி எழுதி, கேஸுக்குள்ளேயே வைங்க. விரிசல் கண்டிருந்தா, கழட்டக்கூடிய பசையால ஒட்டச் சொல்லுங்க. பூச்சைச் சுரண்டுறது, புதுசா துளை போடுறது, இதுக்கெல்லாம் மட்டும் நல்லா யோசிச்சு முடிவெடுங்க.

வீட்டுப் பரண்ல தாத்தாவோட கிட்டார், வயலின், ஹார்மோனியம் எது இருந்தாலும் இதே கணக்குதான். அவர் விரல் பட்டுத் தேய்ஞ்ச இடத்தைப் பாலிஷ் போட்டு மறைக்க அரை நாள் போதும். அந்தத் தேய்மானத்தைத் திரும்ப உண்டாக்க அவர்தான் வரணும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.