மிதிபடாத பனி

ஸ்விட்ஜர்லாந்து தேசத்தில், பெர்ன் மாகாணத்து மலைகளுக்கு நடுவே, மியூரன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,640 மீட்டர் உயரம். செங்குத்தான பாறையின் விளிம்பில், சமையலறை அலமாரியில் பாத்திரங்களை அடுக்கியதுபோல் வீடுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வருஷம் முழுவதும் குடியிருப்பவர்கள் ஏறத்தாழ நானூறு பேர்தான். பள்ளத்தாக்கிலிருந்து ரோப் காரில் ஏறி, பாதி வழியில் ஒரு சின்ன ரயிலுக்கு மாறித்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஊருக்குள் மோட்டார் கார் கிடையாது. எதிரே ஐகர், மோன்க், யுங்பிரௌ என்று மூன்று பெரிய சிகரங்கள். சாப்பாட்டு மேஜையிலிருந்து நிமிர்ந்தால் அவைதான். படுக்கையில் புரண்டாலும் அவைதான்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு ஜனவரி மாதத்தில் அங்கே மூன்று நாள் தங்கினேன். பனிச்சறுக்கு விளையாடப் போனேன் என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். மாடிப்படியில் இறங்கும்போதே கைப்பிடியைத் தேடுகிற பேர்வழி நான். வேறு காரியமாக அந்தப் பக்கம் போனவன், ஊர் அமைதியாக இருக்கும் என்று கேள்விப்பட்டு ஒதுங்கினேன், அவ்வளவுதான்.

போன அன்று மாலை உலாவக் கிளம்பியபோது ஒரு நினைவுக்கல்லைப் பார்த்தேன். ஆர்னால்டு லன் என்ற ஆங்கிலேயர் 1922-ஆம் வருஷம் இந்த ஊரில் முதல் ‘ஸ்லாலம்’ பந்தயத்தை நடத்தினார் என்றும், 1931-இல் பனிச்சறுக்கு இறக்கப் பந்தயங்களின் முதல் உலகப் போட்டியை இங்கே கூட்டினார் என்றும் அதில் பொறித்திருந்தது. பெயரை மனத்தில் போட்டுக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன். கூடத்தில் பழைய புத்தகங்கள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் புரட்டினேன். ஆர்னால்டு லன் பிறந்தது 1888, ஏப்ரல் 18. பிறந்த ஊர், சென்னைப் பட்டணம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பனிச்சறுக்குக்கு விதி வகுத்த மனிதர் நம்முடைய சித்திரை வெயிலில் கண் விழித்தவரா? ஊருக்குத் திரும்பி இதைச் சொன்னபோது மயிலாப்பூர்ச் சிநேகிதர் ஒருவர், “ஏன் ஸார், பிறந்த வெக்கையில்தான் அவர் பனியைத் தேடி ஓடியிருப்பார்!” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய தகப்பனார் விஷயத்தில் அது முக்கால்வாசி உண்மை.

தகப்பனார் ஹென்றி லன் மெதடிஸ்டு சபையைச் சேர்ந்த பாதிரியார், வைத்தியமும் படித்தவர். 1887-இல் இந்தியாவுக்கு ஊழியம் செய்ய வந்தார். உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த வருஷமே கைக்குழந்தையோடு சீமைக்குத் திரும்பினார். திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் பாதிரிமார்கள் மிகவும் வசதியாக வாழ்கிறார்கள் என்று எழுதிப் பெரிய சச்சரவைக் கிளப்பிவிட்டார். பிறகு, பிரிந்து கிடக்கிற கிறிஸ்தவ சபைகளை ஒன்று சேர்க்கலாம் என்று 1892-இல் ஸ்விட்ஜர்லாந்தில் கிரிண்டெல்வால்டு என்ற மலையூரில் ஒரு மகாநாடு கூட்டினார். சபைகள் ஒன்று சேரவில்லை. ஆனால் மகாநாட்டுக்கு ஆட்களை ரயிலேற்றிக் கொண்டுபோய், விடுதி பிடித்து, சாப்பாடு போட்டுத் திருப்பி அனுப்பும் வித்தை பாதிரியாருக்குக் கைவந்துவிட்டது. அதுவே தொழிலாயிற்று. பிரயாண ஏற்பாட்டு வியாபாரத்தில் அவர் பெரும் புள்ளியாகி, ‘ஸர்’ பட்டமும் பெற்றார்.

அந்தக் காலத்தில் ஆல்ப்ஸ் மலைக்கு ஜனங்கள் போனது கோடையில்தான். பழனி மலையில் இருக்கிற விஞ்சைப் போன்ற ஓர் இழுவை ரயிலும், அதன் தலைமாட்டிலிருந்து ஒரு மலை ரயிலும் மியூரனுக்கு 1891-லேயே வந்துவிட்டன. ஆனால் குளிர் காலத்தில் ரயிலும் ஓடாது, விடுதிகளும் திறக்கமாட்டா. ஹென்றி லன் ரயில்காரர்களிடம் பேசி, 1910-11 குளிர் காலத்தில் முதல் தடவையாக வண்டியை ஓட வைத்தார். பனிக்குள் உறங்கிக் கிடந்த ஊருக்கு ஆங்கிலேய விருந்தாளிகள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள்.

பனியில் சறுக்குவது நார்வேக்காரர்களின் பழைய வித்தை. சமவெளியில் வெகு தூரம் போவதும், மேட்டிலிருந்து தாவிக் குதிப்பதுமே அவர்களுக்குப் பந்தயம். செங்குத்தான மலையிலிருந்து இறங்குவதை ஒரு தனிப் பந்தயமாக அவர்கள் மதிக்கவில்லை. அந்த இறக்கத்தில்தான் இளைஞர் ஆர்னால்டு லன் மனத்தைப் பறிகொடுத்தார்.

இறக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது? இரண்டாம் நாள் காலையில் கண்ணாலேயே பார்த்தேன். இரவு முழுவதும் பனி பெய்திருந்தது. நம் பக்கத்து மார்கழிப் பனி அல்ல. விழுந்தால் கட்டியாகாமல் பொடியாகவே தங்குகிற பனி. கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டை பிடிக்க வராது; நன்றாகச் சலித்த கோலமாவு மாதிரி விரலிடுக்கில் வழிந்துவிடும். புதிதாக விழுந்த பொடிப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதானாம். அதன் மேல் சறுக்குகிறவர் தரையைத் தொடுவதில்லை. முழங்கால் ஆழத்தில் மிதந்து வருகிறார். ஓசையே கிடையாது. பின்னால் ஒரு வளைகோடு மட்டும் விழுகிறது.

ஆனால் இந்தச் செல்வத்துக்கு ஆயுள் குறைவு. வெயில் பட்டால் மேலே ஓடு கட்டிவிடும். காற்று அடித்தால் இறுகிப் பலகையாகிவிடும். இரண்டிலிருந்தும் தப்பினால் மனிதன் வந்து கெடுப்பான். ஒருவர் இறங்கிய தடத்தில் இன்னொருவருக்கு அந்தச் சுகம் கிடையாது. அப்போதுதான் தெளித்துக் கோலமிட்ட வாசலில் முதல் காலை வைக்க நமக்கே ஒரு கூச்சம் வருகிறதல்லவா? இவர்களோ அந்த முதல் காலை வைக்கத்தான் உயிரை விடுகிறார்கள்.

உயிரை விடுகிறார்கள் என்றது பேச்சுக்காக அல்ல. நான் தங்கிய விடுதியின் முதலாளி அறுபதைத் தாண்டியவர். பிறந்ததிலிருந்து அதே ஊர். அன்று காலை ஜன்னல் வழியே எதிர்ச் சரிவைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு தடம்கூட இல்லாத வெள்ளைச் சரிவு.

“போகவில்லையா?” என்று கேட்டேன்.

“இன்றைக்கு எண் மூன்று” என்றார்.

விஷயம் இதுதான். டாவோஸ் என்ற ஊரில் பனி ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டுக் குளிர் காலத்தில் தினந்தோறும் அறிவிக்கிறார்கள். பழைய பனியின் மேல் புதுப் பனி சரியாக ஒட்டாமல் இருந்தால், ஒரு மனிதனுடைய பாரமே போதும். சரிவு முழுவதும் பாளமாகக் கழன்று வந்துவிடும். அகப்பட்டுக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் தாங்களோ தங்கள் கூட்டாளியோ கிளப்பிவிட்ட சரிவில்தான் அகப்படுகிறார்கள். புதைந்தவரைச் சில நிமிஷங்களுக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைப்பது அரிது.

“எண் மூன்றுதான் நிறையப் பேரைத் தின்கிறது” என்றார் முதலாளி. “நான்கு, ஐந்து என்றால் யாரும் போவதில்லை. மூன்று என்றால் ஆசை வந்துவிடும்.”

அபாயம் எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது ஆர்னால்டு லன்னுக்கு நன்றாகத் தெரியும். 1909 ஆகஸ்டில், வேல்ஸ் நாட்டு மலை ஒன்றில் ஏறும்போது பிடித்த பாறை பெயர்ந்து விழுந்தார். கால் நொறுங்கியது. ஒட்ட வைத்த பிறகு வலது கால் இரண்டு அங்குலத்துக்கும் மேல் குட்டையாகிவிட்டது. புண் வருஷக்கணக்கில் ஆறவில்லை. அப்போது அவருக்கு வயது 21. மலையே வேண்டாம் என்று வேறு யாராயிருந்தாலும் ஒதுங்கியிருப்பார்கள். இவரோ அந்தக் காலோடு பனிப்பலகை கட்டிக்கொண்டு 1917-இல் டோம் சிகரத்திலும், 1924-இல் ஐகர் சிகரத்திலும் ஏறினார். பனியின் வகைகளையும் பனிச்சரிவின் காரணங்களையும் வருஷக்கணக்காக ஆராய்ந்து புத்தகங்கள் எழுதினார்.

1911 ஜனவரியில் மோன்டானா என்ற ஊரில் ஓர் இறக்கப் பந்தயம் நடத்தினார். பந்தயக்காரர்கள் முதல் நாளே மேலே நடந்து ஏறி, ஒரு குடிசையில் இரவு தங்கி, மறுநாள் காலையில் பனியாற்றின் மேல் ஒன்றாகப் புறப்பட்டார்கள். வழியென்று ஒன்று கிடையாது. யாரும் மிதிக்காத பனியில் அவரவர் வழியை அவரவர் தேடிக்கொள்ள வேண்டியது. பரிசுக் கோப்பைக்குக் காந்தஹார் ராபர்ட்ஸ் பிரபுவின் பெயர். 1880-இல் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் பட்டாளம் நடத்திப் போனாரே, அவரேதான். அதற்கு மறு வருஷம் சென்னை ராணுவத்தின் பிரதம சேனாதிபதியாக நம் ஊருக்கும் வந்து, 1885 வரை இருந்தார். 1924-இல் மியூரனில் ஆரம்பித்த சங்கத்துக்கும் காந்தஹார் என்றே பெயர் வைத்தார்கள். ஆல்ப்ஸ் பனிக்கு நடுவே ஓர் ஆப்கானிஸ்தான் பெயர்!

அந்தக் காலத்தில் சறுக்குகிறவர் எவ்வளவு அழகாக வளைகிறார் என்று பார்த்து மதிப்பெண் போடுகிற வழக்கமும் இருந்தது. லன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. எதிரே மரம் நின்றால் வேகம் குறையாமல் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும், அதற்குத்தான் வளைவு, அழகு பார்த்து என்ன பிரயோஜனம் என்பது அவர் கட்சி. மரங்களுக்குப் பதிலாகக் கொடிகளை ஜோடி ஜோடியாக நட்டு, கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். 1922 ஜனவரியில் மியூரன் சரிவில் நடந்த ‘ஸ்லாலம்’ இதுதான். 1930-இல் சர்வதேச சங்கம் இறக்கப் பந்தயங்களை அங்கீகரித்தது. அடுத்த வருஷம் மியூரனில் நடந்த முதல் உலகப் போட்டியில், எஸ்மி மக்கின்னன் என்ற 17 வயதுப் பெண் இறக்கத்திலும் ஸ்லாலத்திலும் முதலாவதாக வந்தாள். 1936-இல் ஒலிம்பிக் விளையாட்டிலும் இடம் கிடைத்தது. 1952-இல் லன்னுக்கும் தகப்பனாரைப் போலவே ‘ஸர்’ பட்டம் வந்தது.

வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் கூடவே வேறொன்றும் நடந்தது.

1928 ஜனவரியில் காந்தஹார் சங்கத்தார் ‘இன்பெர்னோ’, அதாவது நரகம், என்று ஒரு பந்தயம் வைத்தார்கள். 2,970 மீட்டர் உயரமுள்ள ஷில்ட்ஹார்ன் சிகரத்துக்குப் பலகைக்கு அடியில் சீல் தோல் கட்டிக்கொண்டு காலால் ஏறி, அங்கிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை, பண்படுத்தாத பனியில் இறங்கினார்கள். கலந்துகொண்டவர்கள் இருபது பேருக்கும் குறைவு. வென்றவருக்கு 1 மணி 12 நிமிஷம் பிடித்தது. அந்தப் பந்தயம் இன்றும் நடக்கிறது. இப்போது 1,850 பேர் கலந்துகொள்கிறார்கள். 1967-இலிருந்து சிகரத்துக்கே ரோப் கார் போகிறது. இயந்திரங்கள் பாதையை மெழுகித் தருகின்றன. முதல்வர் கால் மணிக்குள் கீழே வந்துவிடுகிறார்.

வேகத்தை அளந்தால் பந்தயம். பந்தயம் வந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரித் தரை வேண்டும். பனியை இறுக்க வேண்டும். ரோப் கார் வந்தால் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் மத்தியானத்துக்குள் பொடிப்பனி தீர்ந்துவிடும். தகப்பனார் ஆட்களைக் கொண்டுவந்தார். பிள்ளை கடிகாரத்தைக் கொண்டுவந்தார். எந்தப் பனிக்காக மலை ஏறினாரோ அந்தப் பனி அவர் கண் முன்னாலேயே தளம் போட்ட தரையாயிற்று. பிற்காலத்தில் அவரே இந்த இறுகிய பாதைகளைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டார். 1974-இல் காலமானார்.

அவர் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல பொருள் ஒன்றைக் கண்டவன் நாலு பேரை அழைத்துக் காட்டாமல் இருப்பானா? அழைத்துக் காட்டியதால்தான் எங்கோ ஒரு பாறை விளிம்பில் நானூறு பேர் பிழைக்கிறார்கள். நானும் போய் மூன்று நாள் தங்க முடிந்தது. ஆனால் பகிர்ந்தால் பெருகுகிற பொருளும் உண்டு, பகிர்ந்தால் தீர்கிற பொருளும் உண்டு. மிதிபடாத பனி இரண்டாவது ரகம். ஒரே ஆறுதல், அடுத்த மழைக்கு ஏரி நிறைவதுபோல் அடுத்த பனிக்குச் சரிவும் புதிதாகிவிடும். அந்த ஆறுதலும் இப்போது குறைந்து வருகிறது. 1970-க்குப் பிறகு ஆல்ப்ஸ் மலையின் தாழ்வான சரிவுகளில் பனி தங்குகிற காலம் வாரக்கணக்கில் சுருங்கிவிட்டது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் ஜன்னல் சட்டம் படபடவென்று அடித்துக்கொண்டது. இரவு முழுவதும் காற்று. காப்பிக்கு இறங்கியபோது முதலாளி அதே ஜன்னலண்டை நின்றுகொண்டிருந்தார். எதிர்ச் சரிவில் இன்னும் ஒரு தடம்கூட விழவில்லை. ஆனால் நேற்றைய பொடி போய், காற்று உழுத வரிகள் தெரிந்தன.

“கெட்டுப்போய்விட்டதே!” என்றேன், என்னவோ எனக்கு நஷ்டம் வந்ததுபோல.

“ஆமாம்” என்றார் அவர். “ஆனால் யாரும் மிதிக்கவில்லை, யாரும் சாகவும் இல்லை.” பிறகு வாசலில் பனி அள்ளுவதற்காக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.